அது பூசணம் இல்லை

ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா, என் மனைவி கொண்டுவந்திருந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். சின்னக் கண்ணாடிக் கப்பில் ஊற்றிய சோயா மெழுகு அது. மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். நகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என்ன இது, பூசணம்லா பிடிச்சிருக்கு?"

ஹாலில் சிரிப்பு. சோபாவில் இருந்த ஒரு பெண், "வெளிய வச்சு மறந்த பிரெட்டு மாதிரி இருக்கு, அக்கா" என்றாள். மறுபடி சிரிப்பு. என் மனைவி நடுவில் நின்றிருந்தாள். நான் இரண்டு அட்டைப்பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதம் ஆகிறது. சோறு சாப்பிடும்போதும் அந்த நகம் ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்தவர் செய்த பொருளின் மேல் நகம் போட இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று தட்டைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே கேட்டிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அந்த அம்மாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது.

நான் அதிகம் பேசாதவன். டீக்கடையில் டீ கேட்டு காபி கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுவேன். பஸ்ஸில் கூட்டத்தைத் தாண்டி வழி கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் எத்தனையோ. ஐந்தாவது வரைதான் படிப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாக வேலை செய்கிறேன். இரும்புத் தகட்டை அழுத்தி, பெயின்ட் அடித்து, மோட்டாருக்கு மேல்மூடி செய்து கொடுக்கிற கம்பெனி. நான் கடைசி மேசையில் இருப்பவன். மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கீறல் இருக்கிறதா, ஊசிமுனை அளவுக்குத் துளை இருக்கிறதா, பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொரிந்திருக்கிறதா. இருந்தால் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அது ரிஜெக்ட். தொட்டியில் போட்டுவிடலாம்.

இந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே, பேச வேண்டியதில்லை என்பதுதான். பெயின்ட் பூத்தில் இருக்கிறவன் வந்து, "இன்னா அண்ணாத்தே, இதுல இன்னா கொற?" என்று கத்தினால், நான் சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டுவேன். அவ்வளவுதான். கத்தியவன் போய்விடுவான். கண் மட்டும் இருந்தால் போதும், வாய் தேவையில்லை. மூடி உள்ளே நன்றாக வேலை செய்யுமா, மழை தாங்குமா என்பதெல்லாம் என் கணக்கில் வராது. மேல்தோல்தான் என் வேலை.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் கூடவே வந்துவிடும். கறிக்கடையில், துணிக்கடையில், பக்கத்து வீட்டுக் கதவில், எங்கே பார்த்தாலும் கீறல்தான் முதலில் தெரியும்.

பட்டாபிராமில் எங்களுக்கு ஒரு ஹால், ஒரு சமையலறை. ராத்திரி ஜெபம் சொல்லும்போது மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். கடையில் வாங்குகிற மெழுகு கரும்புகை விடும். அந்தச் சின்ன ஹாலில் என் மனைவிக்கு இருமல் வந்துவிடும். ஜெபமாலையில் பாதி இருமலிலேயே போகும். மாதா கோயிலில் பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று சொன்னார்கள். சோயா மெழுகில் வர்த்தி செய்வது. போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். வீட்டில் முதல் கப்பை ஏற்றிவைத்த அன்றைக்கு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை இருமாமல் முடித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னா, கேட்டியா?" என்றாள். கேட்டேன்.

அதிலிருந்து அவளுக்கு அது பிடித்துப்போனது. தெருவில் நாலு பேருக்குச் செய்து கொடுத்தாள். கோயிலில் சிலர் கேட்டார்கள். பெரிய குண்டானில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் ஒரு எவர்சில்வர் தூக்கு. தூக்கில் மெழுகுத் துகள். அது உருகிக் கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் இறக்கி, சூட்டுமானி வைத்துப் பார்த்து, கொஞ்சம் ஆறவிட்டு, லெமன்கிராஸ் எண்ணெய் விட்டுக் கலக்கி, பருத்தித் திரி நட்ட கப்புகளில் ஊற்றுவாள். ஊற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவாள். மே மாதத்தில்கூட. நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் முதல் கப் மாதா படத்துக்கு முன்னால் போய்விடும். அதை எவர் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். அது அவள் வழக்கம்.

சோயா மெழுகுக்கு ஒரு குணம் உண்டு. ஊற்றி இறுகியதும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். இரண்டு மூன்று நாளில் மேலே வெள்ளை பூக்கும். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஊதினால் படருமே, அந்த மாதிரி. சிலதில் திரியைச் சுற்றிச் சின்னப் பள்ளம் விழும். சிலதில் மெழுகு கண்ணாடியை விட்டு விலகி, வெளியிலிருந்து பார்த்தால் ஈரத் திட்டு மாதிரித் தெரியும். செடியிலிருந்து வந்த மெழுகு அப்படித்தான் செய்யும், அதில் ஒரு கெடுதலும் இல்லை என்று பயிற்சியில் சொன்னார்களாம். அவள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்குத்தான் கண் உறுத்தும்.

ஆவடி ஆர்டர் வந்தது ஒரு போட்டோவால். இறுகி ஒரு மணி நேரம் ஆன கப்பை என் மனைவி செல்போனில் படம் எடுத்து, கோயில் குரூப்பில் போட்டிருந்தாள். அது யார் யார் கையிலோ மாறி, ராணுவத் தளவாட ஆலையில் வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவர்கள் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்க அறுபது கப் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விசேஷம், சனிக்கிழமை வந்துவிட வேண்டும் என்றார்கள். அந்த அம்மா போனில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கடையில வாங்குனா எல்லாரும் குடுக்கிற மாதிரிதான இருக்கும். கையால செஞ்சதா இருந்தாத்தான் நல்லாருக்கும்."

கையால் செய்தது வேண்டும் என்று அவர்தான் கேட்டார். நாங்கள் சொல்லவில்லை.

என் மனைவிக்கு அதுவரை வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர். பாத்திரம் கழுவுகிற நாலு வீட்டுக்கும் அந்த வாரம் லீவு சொல்லிவிட்டு, ஒன்றிரண்டு கூடவே சேர்த்துத் திங்களும் செவ்வாயும் ஊற்றினாள். ஒவ்வொரு கப்பின் கழுத்திலும் வெள்ளை ரிப்பன் கட்டி, சின்னச் சிலுவை ஒன்று தொங்கவிட்டாள். "இது ஒயுங்கா போச்சுன்னா அந்தப் பக்கம் நாலு எடத்துல கூப்புடுவாங்கோ. இத்தையே ஒரு வேலையா வச்சுக்குவேன்" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவியவள். முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து செய்கிற, தன் பேரில் செய்கிற ஒரு வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை நான் வேலை விட்டு வந்தபோது கப்புகள் கட்டிலின் மேல் வரிசையாக இருந்தன. பூத்திருந்தன. எல்லாம் இல்லை, ஒரு மூன்றில் ஒரு பங்கு. நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்து, பிசகானதை எல்லாம் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தேன். இருபத்திரண்டு.

"இன்னா பண்ற?" என்றாள்.

"இதெல்லாம் ரிஜெக்ட்."

"யோவ், இது இன்னா உன் கம்பெனியா? மோட்டாரு மூடியா இது?"

"பாக்குறவன் இன்னா சொல்லுவான்?"

"வத்திய பாக்குறதுக்கா வாங்குறான்? ஏத்துறதுக்கு வாங்குறான்." நான் ஒதுக்கியதில் படுமோசமாக இருந்த ஒன்றை எடுத்துத் திரியைக் கொளுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மேல்பரப்பு முழுக்க உருகித் தேங்கியது. வெள்ளையும் இல்லை, பள்ளமும் இல்லை. "எங்க உன் ரிஜெக்ட்டு? காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லை. இருபத்து மூன்று வருடப் பழக்கம். அவள் மாலை ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனாள். போகும்போது, "அதுல கைய வைக்காத, கம்முனு இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் கையை வைத்தேன்.

எங்கள் கம்பெனியில் பேக்கிங் செய்கிறவர்கள் ஹீட் கன் என்று ஒன்று வைத்திருப்பார்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும், வாயிலிருந்து நெருப்புக் காற்று வரும். பிளாஸ்டிக் உறை சுருங்கி மூடியோடு ஒட்டிக்கொள்ள அதைக் காட்டுவார்கள். பூப்பு தெரிய ஆரம்பித்த புதன்கிழமையே, கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்தேன். கப்புகளின் மேல் காற்றைக் காட்டினேன். வெள்ளை கரைந்து, மேல்பரப்பு தண்ணீர் மாதிரி ஆனது. அந்த இருபத்திரண்டோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நன்றாக இருந்ததற்கும் காட்டினேன். சீக்கிரம் இறுகட்டும் என்று மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். எல்லாம் பளபளவென்று இருந்தன.

"இன்னா பண்ணின?"

"துணியால தொடச்சேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். உலை வைக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது அறுபதும் வெளுத்திருந்தன. அவள் ஊற்றியபோது வந்தது மெல்லிய படலம். இது அப்படி இல்லை. திட்டுத் திட்டாக, சுண்ணாம்பு உரிந்த சுவர் மாதிரி. சிலதில் திரி சாய்ந்திருந்தது. சூடாக்கியதைச் சட்டென்று காற்றில் ஆறவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று இப்போது தெரியும். நன்றாக இருந்த கப்புகளையும் நான்தான் கெடுத்தேன். அப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் திரிகளை விரலால் நிமிர்த்திவிட்டு, பெட்டியில் அடுக்கினாள். "எரியும். எரிஞ்சா செரியாப்பூடும். சொல்லிக் குடுக்கலாம்" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

ரயிலில் இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டினால் ஆவடி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அந்த ஹாலுக்குள் போனோம். நகம் போட்டது, மோந்து பார்த்தது, சிரித்தது எல்லாம் நடந்தது.

என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "சோயா மெழுகு அப்படித்தாங்க பூக்கும். ஏத்துனா போயிடுங்க. தோ, இப்பவே ஒண்ணு ஏத்திக் காட்டட்டுங்களா?"

"ஏத்துனா போயிரும் சரி. வாங்குறவங்க கையில குடுக்கும்போது ஏத்தியா குடுக்க முடியும்?" என்றார் அந்த அம்மா. "போட்டோவுல அப்படியா இருந்துச்சு?"

அந்த வீட்டுக்காரர் ஒரு கப்பை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலை மேலே ஓட்டினார். நான் செய்கிற அதே மாதிரி. "சர்ஃபேஸ் ஃபினிஷ் சரியில்லை. எங்க ஆலையில இதைப் பாஸ் பண்ணவே மாட்டாங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்நாள் முழுக்க நான் சாக்பீஸால் சொன்ன வார்த்தை அது. அதை இன்னொருவர் வாயால், என் வீட்டுக்காரியைப் பார்த்துச் சொல்லக் கேட்டபோது எவ்வளவு அசிங்கமான வார்த்தை என்று தெரிந்தது. இரும்பு மூடிக்கு அது சரி. இருமல் வராமல் ஜெபம் சொல்ல ஒருத்தி கண்டுபிடித்துக்கொண்ட பொருளுக்கு அது எப்படிச் சரியாகும்? அதே ஹாலின் டீப்பாயில் ஒரு தட்டு முறுக்கு இருந்தது. ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்று பாதிச் சுற்றில் உடைந்தது. வீட்டில் சுட்டதாம். அதைப் பாராட்டிக்கொண்டேதான் எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள். முறுக்கில் கை தெரியலாம், மெழுகில் தெரியக் கூடாதா?

இதை எல்லாம் நினைத்தேன். பெட்டிகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு ஊத்தினது, நீங்கதானா? இல்ல ஆள் வச்சுச் செய்றீங்களா?" என்றார் அந்த அம்மா.

"நான்தாங்க ஊத்தினேன்" என்றாள் என் மனைவி. "எங் கைதாங்க."

"அப்ப எடுத்துட்டுப் போயிருங்க. நாங்க வேற பாத்துக்கிடுதோம்."

திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டிகள் என் மடியில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் தூக்கை எடுத்து, ஒட்டியிருந்த மெழுகைப் பேப்பரால் துடைத்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சூட்டுமானி, திரிக்கட்டு, மீதித் துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"இன்னா பண்ற?"

"பாத்தா தெரீல? மூட்ட கட்டுறேன். இனிமே இந்தத் தூக்குல ரசந்தான்."

"ஒருத்தி சொன்னான்னு..."

"ஒருத்தியா? ஊடே சிரிச்சுது. நீயும் பாத்துக்கினுதான நின்ன? திங்கக்கெயமையிலிருந்து பழைய ஊட்டுக்கே வேலைக்குப் போறேன். பாத்திரம் தேய்ச்சா எவளும் மூந்து பாக்க மாட்டா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அது உன் கை இல்ல. நான்தான். வெள்ளிக்கெயமை ஹீட் கன்னு வச்சேன்."

"தெரியும்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"கட்டிலாண்ட ஒயரு தொங்கிக்கினு கெடந்துச்சு. துணியால தொடச்சாராம், துணியால."

"தெரிஞ்சுமா அங்க நான்தான் ஊத்தினேன்னு சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? எங்க ஊட்டுக்காரு பெரிய இன்ஸ்பெக்டரு, வத்தி மூஞ்சிக்கு இஸ்திரி போட்டுட்டாருன்னா? இன்னும் நாலு பேரு சிரிச்சிருப்பாங்கோ. நீ அங்க நிக்கிறதே பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கினு."

பையைத் தூக்கி லாஃப்டில் போட்டாள். முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறி, தானே போட்டாள். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். அவள் படுத்துவிட்டாள். மாதா படத்துக்கு முன்னால் அந்த அறுபதோடு ஊற்றிய முதல் கப், பழையது தீராததால் இன்னும் ஏற்றாமல், இருந்தது. என் துப்பாக்கி அதன் பக்கம் போகவில்லை. எடுத்துப் பார்த்தேன். பூத்திருந்தது. ஆனால் எவ்வளவு மென்மையாக! ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவரக் குறைந்து, திரிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல். நான் அவளிடம் கேட்காமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

அந்த வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிரியாணி வாசனை. வெள்ளை உடுப்பும் பூக்கிரீடமுமாகக் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்காரர்தான் என்னைப் பார்த்தார்.

"என்ன, மறுபடியும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுச் சொல்லுங்க, உள்ள வாங்க."

"சாப்பாடு வேணாங்க." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நேத்து நீங்க பாத்தது என் சம்சாரம் செஞ்சது இல்ல. அவ நல்லாத்தான் செஞ்சா. நான் கம்பெனில இன்ஸ்பெக்ஷன். மேல வெள்ளையா கீதேன்னு சூடு காட்டி நான்தான் கெடுத்தேன். தோ, அவ செஞ்சது இது." கப்பை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். "யாரு? ஓ, மெழுகுவர்த்திக்காரரா? நாங்க நேத்தே கடையில வாங்கியாச்சே."

"வாங்கச் சொல்லலீங்க."

"பின்ன?"

"பூசணம்னு சொன்னீங்க. அது பூசணம் இல்லீங்க."

"சரி, இல்லை. அதுக்கு இப்ப என்ன?"

"எங்கிட்டச் சொன்னா எப்படிங்க? அவளைப் பாத்துதான சொன்னீங்க. பத்துப் பேருக்கு முன்னாடி சொன்னீங்க. அவ நேத்து எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டா. தப்பு பண்ணவன் நான். என்னைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். அவகிட்ட அது பூசணம் இல்லன்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. சொன்னா போயிடறேன்."

ஷாமியானாவுக்குக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கால் நடுங்கியது. பேண்டுக்குள் நடுங்கியது வெளியே தெரிந்ததா என்று தெரியவில்லை.

"இது என்னங்க ரோதனையா இருக்கு, விசேஷ வீட்டுல வந்து" என்றார் அந்த அம்மா கணவரைப் பார்த்து. அவர் மாதா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுப் பேசிரு. மனுசன் நகர மாட்டாரு போலிருக்கு" என்றார்.

என்னை அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் அந்த அம்மா போன் போட்டார். மன்னிப்புக் கேட்கிற எண்ணமே அவருக்கு இல்லை, நானும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் விருந்தாளியின் பிள்ளை, அதனால் ஸ்பீக்கரில் போட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இங்க வந்து நிக்காரு. அது பூசணம் இல்லையாம்லா. தெரியாம சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத என்னா?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம். பிறகு என் மனைவியின் குரல்: "அவரா? அவரா வந்து பேசுனாரு?"

"ஆமா, பேசிட்டேதான் நிக்காரு."

"வாயத் தொறந்தா?"

ஷாமியானாவில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். வீட்டுக்காரர் கப்பைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார். "இதை நாங்க வச்சுக்கிடுதோமே, நல்லாத்தான இருக்கு" என்றார். நேற்றுச் சொல்லியிருக்கலாம். "இது மாதாவுக்கு வச்சதுங்க" என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் என்னை நிற்கவைத்து, நான் பேசியதை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். "அப்பால?" என்றாள். சொன்னேன். "கால் நடுங்கிச்சா?" என்றாள். நடுங்கியது என்றேன். மாதா கப்பைத் தூக்கிக்கொண்டு போனதற்கு ஒரு திட்டும் வாங்கினேன். பிறகு, "லாஃப்ட்ல இருந்து அந்தப் பையை எறக்கு" என்றாள். "ஒண்ணு கேட்டுக்கோ. இனிமே ஊத்துனா நான் ஊத்துனதுதான். உன் கண்ணு, உன் காத்து, ஒண்ணும் இது கிட்ட வரக் கூடாது."

"அந்த அறுபதையும் இன்னா பண்றது?"

"உன் கை பட்டுதில்ல? நீயே வச்சு எரி."

இப்போது போனில் யார் ஆர்டர் சொன்னாலும் என் மனைவி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறாள். "மூணு நாள்ல மேல வெள்ளையா பூக்குங்க. பள்ளம் வியும். அப்படி வேணாம்னா கடையில வாங்கிக்கோங்க." சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். சிலர் வாங்குகிறார்கள். முழுக்க விட்டுவிட முடியவில்லை, இரண்டு வீட்டுப் பாத்திரம் இன்னும் கழுவுகிறாள். நாலு வீடு இரண்டாகியிருக்கிறது. போட்டோ ஒரு மணி நேரத்தில் எடுப்பதில்லை, பூத்த பிறகுதான் எடுக்கிறாள். போன வாரம் ஒருத்தி போனில், "வெள்ளை இல்லாம ஸ்பெஷலா செஞ்சு குடுக்க முடியாதா? ஹேண்ட்மேடுதானே?" என்று கேட்டாள். கையால் செய்ததும் வேண்டும், கை தெரியவும் கூடாதாம். எனக்குக் கேட்டதுமே கோபம் வந்தது. கையை விட்டால் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது எங்களிடம்?

நான் கெடுத்த கப்புகளை ஜெபத்துக்கு ஒன்று தீர்ந்ததும் அடுத்தது என்று ஏற்றுகிறேன். ஒரு கப் இரண்டு மூன்று நாள் வருகிறது. இதுவரை முப்பத்து நாலு ஆகியிருக்கிறது. ஒன்றுகூட நடுவில் அணையவில்லை. ஒன்றுகூடப் புகைவிடவில்லை. சுண்ணாம்பு உரிந்த மாதிரி இருந்ததெல்லாம் கால் மணி நேரத்தில் உருகிச் சமமாகிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் இருமாமல் ஜெபம் சொல்கிறாள். அந்த ஆவடி அம்மா ஒருநாள் வந்து பார்க்கட்டும். நகத்தை வைத்துக்கொண்டு வராமல், உட்கார்ந்து பார்க்கட்டும்.

லெமன்கிராஸ் வாசனைதான் சுத்தமாக இல்லை. நான் காட்டிய சூட்டில் அன்றைக்கே பறந்துவிட்டது. அதற்கு அந்த அம்மாவைச் சொல்ல முடியாது.